திறப்பு உங்களிடம், கேள்வி யாரிடம்?

என் சித்தப்பா ஒருவர் கோண்டாவில் பக்கம் ஆறு பரப்புக் காணி வாங்க எண்ணினார். யாருக்கும் மூச்சு விடவில்லை. சித்திக்குக்கூடச் சொல்லவில்லை என்றுதான் பிறகும் சாதித்தார். உறுதி சுத்தமானதா, காணி எங்கேனும் ஈட்டில் கிடக்கிறதா என்று பதிவேட்டைப் பார்த்துவரும்படி நொத்தாரிசு சொன்னதால் ஒரு காலை கந்தோருக்குப் போனார். ஏட்டில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர் வீடு திரும்பி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவுவதற்குள், காணிக்காரர் விலையைக் கூட்டிவிட்டார் என்ற செய்தி வந்துவிட்டது. வரிசையில் நின்ற யாரோ ஒருவரின் காதில் காணியின் பெயர் விழுந்திருக்கிறது. பதிவேடு பொதுவானது, அதில் எழுதியிருப்பதால் சித்தப்பாவுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவரைக் காட்டிக்கொடுத்தது அவர் கேட்ட கேள்வி.

இந்தக் கதை எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது சில மாதங்களுக்கு முன், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வசிக்கும் ஒரு தம்பி தன் கைத்தொலைபேசியோடு என்னிடம் வந்தபோது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தபடியே வடிவமைப்பு வேலை செய்பவர் அவர். வாடிக்கையாளர் ஒருவர் கூலியைப் பிட்கொயினில்தான் தருவேன் என்று நின்றதால் இலவசப் பணப்பைச் செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தார்.

"அண்ணை, அது தந்த பன்னிரண்டு சொற்களையும் கடதாசியில் எழுதி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி என் காசைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராதுதானே?"

அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான் காசுக்குத் திறப்பு. காசு களவுபோகாது என்பதற்கு அவை நல்ல காவல். தெரியவராது என்பதற்கு அவை காவலே இல்லை. இரண்டும் வேறு வேறு பூட்டுகள். பணப்பைகளைப் பற்றித் தமிழில் வரும் அறிவுரைகளில் முக்கால்வாசி முதல் பூட்டைப் பற்றியவை. இரண்டாவது பூட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். இலங்கை மத்திய வங்கி மெய்நிகர் நாணயங்கள் பற்றி மக்களுக்குப் பலமுறை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அவை இங்கே சட்டமுறை நாணயமாக ஏற்கப்பட்டவை அல்ல. இழந்தால் முறையிடுவதற்கு இடமும் இல்லை. வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவரவில்லை. வைத்திருப்பவரின் கணக்கு எப்படி வெளியே கசிகிறது என்பது மட்டுமே என் பேச்சு.

யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், 1658 முதல் 1795 வரையான அந்த ஆட்சியில், காணிகளுக்கும் ஆட்களுக்கும் தோம்பு எழுதினார்கள். எந்தக் காணி யாருடையது, அவர் யாருடைய பிள்ளை, எவ்வளவு வரி என்று எல்லாம் ஏட்டில் ஏறியது. பிட்கொயினின் பிளொக்செயின் என்பதும் ஒரு தோம்புதான். ஒரே வேறுபாடு, அதில் பெயர்கள் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரிகள் மட்டுமே உண்டு. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்ட முதற்பக்கத்திலிருந்து இன்றுவரை எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. முகவரியும் ஆளும் ஒட்டாமல் இருக்கும்வரைதான் அதில் அந்தரங்கம். ஒருமுறை ஒட்டிவிட்டால், பழைய பக்கங்களையும் புரட்டி எல்லாவற்றையும் வாசித்துவிடலாம். பட்டியலில் பெயர் ஏறுவது என்றால் என்னவென்று இந்த ஊருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்த ஏடு பெரியது. 600 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. நாளுக்கு ஏறக்குறைய 144 பக்கங்கள் கூடிக்கொண்டே இருக்கின்றன. அதை முழுதாக இறக்கி, ஒவ்வொரு கொடுக்கல்வாங்கல் வரியையும் சரிபார்த்துத் தன்னிடமே வைத்திருக்கும் கணினியை முழுக் கணு என்பார்கள். முழுக் கணு வைத்திருப்பவர் தன் மீதியைப் பார்க்க யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. வீட்டிலேயே தோம்பு இருக்கும்போது கந்தோருக்கு ஏன் போவது? ஆனால் மாதாந்த டேட்டா பொதியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒருவரின் கைத்தொலைபேசியில் இது நடக்கிற காரியமில்லை.

இந்தச் சிக்கலைப் பிட்கொயினை உருவாக்கிய சத்தோசி நகமோட்டோ 2008 ஒக்டோபர் 31 அன்று வெளியிட்ட ஒன்பது பக்க அறிக்கையிலேயே எதிர்பார்த்திருந்தார். பிளொக்செயின் ஏட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 80 பைட் அளவுள்ள தலைப்பு ஒன்று உண்டு. தலைப்புகளை மட்டும் இறக்கினால் ஆண்டுக்கு 4.2 மெகாபைட்தான் ஆகும். இதுவரை எழுதப்பட்ட ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களின் தலைப்புகளைச் சேர்த்தாலும் எண்பது மெகாபைட்டைத் தொடுவதற்கே இன்னும் காலம் பிடிக்கும். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு சிறிய காணொளியின் அளவு. உங்கள் கொடுக்கல்வாங்கல் ஒன்று குறிப்பிட்ட பக்கத்தில் இருக்கிறது என்று நிரூபிக்க, அந்தப் பக்கத்தில் நாலாயிரம் வரிகள் இருந்தாலும், 32 பைட் அளவுள்ள 12 துண்டுகள் போதும். மேர்க்கல் மரம் என்ற கணித அமைப்பின் கெட்டித்தனம் அது. இப்படித் தலைப்புகளை வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டியதை மட்டும் வெளியே கேட்டு வாங்கும் பணப்பையை இலகுப் பணப்பை என்கிறோம்.

பொய் சொல்பவர்களிடமிருந்து காப்பதற்கு இந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்கிறது. ஏட்டில் ஏறாத கொடுக்கல்வாங்கலை ஏறியதாக ஒரு சேர்வர், அதாவது நீங்கள் கேட்கும் வெளிக் கணினி, உங்களிடம் காட்டிவிட முடியாது. ஆனால் யாரிடம் கேட்பது, கேட்டால் அவருக்கு என்ன தெரியவரும் என்பது பற்றி நகமோட்டோவின் அறிக்கையில் அந்தப் பகுதியில் பேச்சே இல்லை. அந்தரங்கம் பற்றி வேறொரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் புது முகவரி பாவியுங்கள் என்கிறது அது. நல்ல புத்திதான். ஆனால் நாற்பது புது முகவரிகளையும் ஒரே மூச்சில் ஒரே சேர்வரிடம் விசாரித்தால், நாற்பதும் ஒருவருடையவை என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

உண்மையில் நடப்பது அதுதான். 2011இலிருந்து புழக்கத்தில் இருக்கும் எலக்ட்ரம் பணப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையான மென்பொருள், நிரல் திறந்து கிடக்கிறது, நானே பல ஆண்டுகள் பாவித்தேன். அது திறந்தவுடன் தன்னார்வலர் யாரோ நடத்தும் ஒரு சேர்வரோடு தொடர்பெடுத்து, "இந்த முகவரிகளில் ஏதும் நடந்தால் எனக்குச் சொல்" என்று பதிவு செய்கிறது. காசு வந்த முகவரிகள், மிச்சக்காசு திரும்பும் முகவரிகள் எல்லாம் அதில் அடக்கம். இன்னும் ஒருபடி மேலே போய், அடுத்துப் பாவிக்கப்போகிற 20 முகவரிகளையும் முன்கூட்டியே கேட்டு வைக்கிறது. இனிமேல் வரப்போகும் காசு எந்த வாசலால் வரும் என்பதும் சேர்வரை நடத்துபவருக்குத் தெரியும். உங்கள் இணைய இணைப்பைக் காட்டும் ஐபி எண்ணான இணைய முகவரியும் தெரியும். அவர் நல்லவராக இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் யாரும் சேர்வர் நடத்தலாம் என்ற இடத்தில் வேவு பார்ப்பவரும் நடத்தலாம்.

அதைவிடச் சோம்பேறித்தனமான வழி ஒன்றும் இருக்கிறது. ஒரு பணப்பையின் எல்லா முகவரிகளும் பிறக்கும் தாய்ப்பொதுத் திறப்பு ஒன்று உண்டு. எக்ஸ்பப் என்று அழைப்பார்கள். அதைக் கொண்டு காசை எடுக்க முடியாது, ஆனால் நேற்றைய, இன்றைய, நாளைய முகவரிகள் அனைத்தையும் பார்க்கலாம். சில செயலிகள் இதையே தங்கள் நிறுவனத்தின் சேர்வருக்கு அனுப்பிவிடுகின்றன. வேலை சுலபம், பயனருக்கும் வேகம். வங்கிப் புத்தகத்தின் நிழற்பிரதியை மாதாமாதம் கொடுப்பதற்குப் பதிலாக, புத்தகத்தையே கொமினிகேஷன் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வருவது போல.

இது கற்பனைப் பயம் அல்ல என்பதற்கு சமுராய் பணப்பையின் கதை சாட்சி. அந்தரங்கத்தையே விளம்பரமாகக் கொண்ட பணப்பை அது. அதில் சொந்தமாகச் சேர்வர் வைத்து இணைக்கும் வசதியும் இருந்தது. அதைச் செய்யாதவர்களின் எக்ஸ்பப் நிறுவனத்தின் சேர்வருக்குத்தான் போனது. 2024 ஏப்ரலில் அமெரிக்க அதிகாரிகள் அதை உருவாக்கிய இருவர்மீது கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கத் துணைபோனதாக வழக்குத் தொடர்ந்தார்கள், இருவரும் கைதானார்கள். ஐஸ்லாந்து அதிகாரிகளின் உதவியோடு சேர்வர்களும் கைப்பற்றப்பட்டன. வழக்கின் நியாயம் எப்படியோ போகட்டும். அந்தச் செயலியைச் சட்டத்துக்குட்பட்ட காரியத்துக்குப் பாவித்தவரும் தன் எக்ஸ்பப் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறதோ என்று யோசிக்கவேண்டியதாயிற்று. வைத்திருப்பவர் நல்லவரா என்று மட்டும் பார்த்தால் போதாது. அவரிடமிருந்து பிடுங்கக்கூடியவர் யார் என்றும் பார்க்கவேண்டும்.

இனி, கேள்வியை மறைக்கும் முயற்சிகளுக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கெட்டிக்காரர்கள் செய்த ஒரு பிழையை இன்னும் கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்த கதை.

2012இல் மைக் ஹேர்ன், மட் கொரலோ என்ற இரு நிரலாளர்கள் ஓர் உபாயத்தை முன்வைத்தார்கள். முகவரிகளை அப்படியே கேட்காமல், ஓர் அரிதட்டைச் செய்து முழுக் கணுவிடம் கொடுத்துவிடுவது. "இந்த அரிதட்டில் தங்குவதை எல்லாம் எனக்கு அனுப்பு." அரிதட்டின் கண்கள் சற்றே வேறுபட்டிருப்பதால் உங்களுடைய கொடுக்கல்வாங்கலோடு சேர்ந்து ஊரார் கொடுக்கல்வாங்கல்களும் கொஞ்சம் தங்கும். உங்களுடையது ஒருபோதும் தவறாது. அந்நியமானது சில கூட வரும். எது உங்களுடையது என்று கொடுப்பவருக்குத் தெரியாது. 1970இல் பர்ட்டன் புளூம் என்பவர் வேறு தேவைக்காகக் கண்டுபிடித்த கணித அமைப்பு அது. அதனால் புளூம் வடிகட்டி என்று பெயர். சித்தப்பா கந்தோரில் ஒரு காணியைக் கேட்காமல், "கோண்டாவிலில் பனங்காணியாக உள்ள ஐம்பதையும் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் எப்படியோ, அப்படி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்து ஆர்தர் ஜெர்வே முதலான ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். இருபதுக்கும் குறைவான முகவரிகள் உள்ள சாதாரணப் பயனரின் ஒரே ஒரு வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவருடைய முகவரிகளில் பெரும்பாலானவற்றை ஊகித்துவிடலாம் என்று காட்டினார்கள். ஏடு முழுவதும் பொதுவானது அல்லவா? வேவு பார்ப்பவர் அதிலுள்ள எல்லா முகவரிகளையும் ஒவ்வொன்றாக உங்கள் அரிதட்டில் போட்டு அரித்துப் பார்க்கலாம். தங்குபவை சிலவே. இன்னொன்றையும் சொன்னார்கள். செயலியை மூடித் திறந்தால் புது அரிதட்டு ஒன்று உருவாகிறது. அதில் தங்கும் அந்நியர்கள் முதல் அரிதட்டில் தங்கிய அந்நியர்கள் அல்ல. ஆனால் உங்கள் முகவரிகள் இரண்டிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கூட்டம் கலைந்து நீங்கள் மட்டும் மிஞ்சுவீர்கள். சித்தப்பா திங்கட்கிழமை பனங்காணிகளையும் செவ்வாய்க்கிழமை ஆறு பரப்புக் காணிகளையும் கேட்டால், எந்தக் காணி என்று சொல்லவே தேவையில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு யோனாஸ் நிக் என்ற ஆய்வாளர் கண்டெடுத்தது இன்னும் பரிதாபமானது. கைத்தொலைபேசிப் பணப்பைகள் பல நம்பியிருந்த பிட்கொயின்ஜே என்ற நிரல் தொகுப்பு, ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு பொருள்களை அரிதட்டில் இட்டது: முகவரிக்கு மூலமான பொதுத் திறப்பையும், கணிதத்தால் அதிலிருந்து பெறும் சுருக்கத்தையும். ஊரான் ஒருவனுடைய திறப்பு தற்செயலாகத் தங்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். திறப்பு, சுருக்கம் இரண்டுமே தற்செயலாகத் தங்கப் பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். இரண்டும் தங்கியிருந்தால் அது உங்களுடையதே. கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளப் போனவர் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்ற மாதிரி. கணிதத்தில் பிழையில்லை, அதைப் பாவித்த விதத்தில்தான் பிழை. முழுக் கணு நடத்தப் பாவிக்கும் பிட்கொயின் கோர் மென்பொருளின் 2019 நவம்பர்ப் பதிப்பிலிருந்து இந்தச் சேவை இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தரங்கக் குறையோடு, முழுக் கணுக்களுக்கு வீண் வேலை கொடுத்து அலைக்கழிக்க அது இடமளித்ததும் காரணம்.

பிறகு வந்தது அரிதட்டைக் கைமாற்றும் யோசனை. வடிகட்டியைப் பயனர் செய்து கணுவிடம் கொடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் கணுவே ஒரு சுருக்கக் குறிப்பைச் செய்து எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொடுக்கட்டும். ஒலாலுவா ஒசுன்டோகுன் முதலானோர் 2017இல் எழுதிய முன்மொழிவு இது. உங்கள் கைத்தொலைபேசி எல்லாப் பக்கங்களின் குறிப்புகளையும் இறக்கி, தன் முகவரி இருக்கிறதா என்று தனக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். இருப்பதுபோலத் தெரிந்தால் அந்தப் பக்கத்தை முழுதாக இறக்கும். கந்தோரில் நின்று காணியின் பெயரைச் சொல்லாமல், கோண்டாவில் தோம்பையே இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிப்பது. எந்த வரியை வாசித்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தின் குறிப்பு ஏறக்குறைய 20 கிலோபைட். நாளுக்கு 144 என்றால் மூன்று மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு, மாதத்துக்கு 90 மெகாபைட் அளவு. வைபரில் வரும் காலை வணக்கப் படங்கள் அதைவிடக் கூட இழுக்கும். தவறான பொருத்தம் வர ஒரு முகவரிக்கு 7,84,931இல் ஒரு வாய்ப்பு. நாற்பது முகவரிகள் உள்ளவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று பக்கங்களைத்தான் வீணாக இறக்கவேண்டியிருக்கும். பழைய பணப்பை ஒன்றைப் பல ஆண்டுகளுக்குப் பின் மீட்டெடுப்பவருக்குத்தான் பாரம்: பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் இறக்கவேண்டும், அது ஜிகாபைட் கணக்கில் போகும். ஓட்டையும் உண்டு. எந்தப் பக்கத்தை முழுதாக இறக்கினீர்கள் என்பது கொடுத்தவருக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் வரிகள் இருப்பதால் அது ஒன்றால் பெரிய கெடுதி இல்லை. ஆனால் எல்லாப் பக்கங்களையும் ஒருவரிடமே வாங்கினால் மறுபடி அதே ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் கதைதான். வெவ்வேறு கணுக்களிடம் மாற்றி மாற்றி வாங்குவதே மருந்து.

இத்தனை நல்ல முறை ஏன் எல்லாப் பணப்பைகளிலும் இல்லை? சேர்வரிடம் கேட்டால் மீதி ஒரு நொடியில் வரும். குறிப்புகளை இறக்கிப் பார்க்க நேரம் பிடிக்கும். செயலிக் கடையில் பயனர்கள் புள்ளி போடுவது வேகத்துக்குத்தான். கசிவு வலிக்காது. களவு வலிக்கும்.

பிட்கொயினுக்கு வெளியே நிலைமை கலவையானது. எதீரியம் என்ற இன்னொரு மெய்நிகர் நாணய ஏட்டில் பெரும்பாலானோர் ஒரே முகவரியையே ஆண்டுக்கணக்காகப் பாவிக்கிறார்கள் என்பதால் அங்கே கேள்வி கேட்காமலேயே பாதி தெரிந்துவிடும். மெட்டாமாஸ்க் பணப்பை இயல்பாகத் தொடர்புகொள்ளும் இன்ஃபியூரா என்ற சேவை, கொடுக்கல்வாங்கல் அனுப்பும்போது பயனரின் இணைய முகவரியையும் பணப்பை முகவரியையும் சேர்த்துப் பெறுகிறது என்பதை 2022 நவம்பரில் அதன் தாய்நிறுவனம் கொன்சென்சிஸ் தன் அந்தரங்கக் கொள்கையில் வெளிப்படையாக எழுதியபோது பெரிய சலசலப்பு எழுந்தது. எழுதியதற்குத் திட்டியவர்கள், எழுதாத மற்ற நிறுவனங்களைக் கேட்கவில்லை என்பது என் மனத்தாங்கல். மொனேரோ என்ற நாணயத்திலும், சீகாஷ் என்ற நாணயத்தின் மறைப்பு முகவரிகளிலும் ஏடே மறைக்கப்பட்டது. அதனால் உங்களுக்கு வந்த காசைச் சேர்வரால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அங்கேயும் அவசரக்காரருக்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: மொனேரோவில், வந்த காசைப் பார்க்க மட்டும் உதவும் பார்வைத் திறப்பைச் சேர்வரிடம் கொடுத்துவிட்டால் அதுவே உங்களுக்காகத் தேடித்தரும். கொடுக்காதவரின் கைத்தொலைபேசி வருகிற வரி ஒவ்வொன்றையும் தானே திறந்து திறந்து பார்க்கவேண்டும். 2022 நடுப்பகுதியில் சீகாஷ் ஏட்டை யாரோ குப்பை வரிகளால் நிரப்பத் தொடங்கியபோது அதன் இலகுப் பணப்பைகள் மூச்சு வாங்கிய கதை அதனால் வந்தது.

இதுவரை நான் சொன்னது, என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பற்றி. யார் கேட்கிறார் என்பதை மறைக்க டோர் வலையமைப்பு இருக்கிறது. உங்கள் இணைப்பை மூன்று இடங்கள் வழியே சுற்றி அனுப்பி இணைய முகவரியை மறைக்கும். நம் ஊரில் ஒரே இணைய முகவரியைப் பல கைத்தொலைபேசிகள் பகிர்வதால் ஓரளவு மறைப்பு இயல்பாகவே உண்டு என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் சிம் அட்டை அடையாள அட்டையின் பேரில் பதிவாகி இருக்கிறது, தொலைபேசி நிறுவனத்தின் ஏட்டில் எல்லாம் இருக்கும். டோர் பாவித்தாலும், நாற்பது முகவரிகளையும் ஒன்றாகக் கேட்டால் நாற்பதும் ஒருவருடையவை என்ற உண்மை மறையாது. முகமூடி போட்டுக்கொண்டு வந்து வீட்டு இலக்கத்தைச் சொல்வது போன்றது அது.

காசை அனுப்பும்போது இன்னொரு சங்கடம். முழுக் கணு ஊரார் கொடுக்கல்வாங்கல்களையும் கடத்திக்கொண்டே இருப்பதால், அதன் வாயிலிருந்து வருவதில் எது அதனுடையது என்று சொல்வது கடினம். இலகுப் பணப்பை மற்றவருடையதைக் கடத்துவதில்லை. அதன் வாயிலிருந்து ஒரு கொடுக்கல்வாங்கல் வந்தால், அது அதனுடையதேதான். டோர் உண்மையாக உதவுவது இந்த இடத்தில்.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னபோது, "அப்படியென்றால் முழுக் கணுவையே வைத்துவிடுவோமே" என்றார். முடியும். சிறிய கணினி ஒன்றும் ஒரு டெராபைட்டுக்குக் குறையாத வட்டும் போதும். ஏட்டை ஒருமுறை முழுதாக இறக்கிச் சரிபார்த்தபின் பழைய பக்கங்களைக் கழித்துவிட்டுச் சிறிய இடத்திலும் நடத்தலாம். ஆனால் அந்த ஒருமுறைக்கே நூற்றுக்கணக்கான ஜிகாபைட் வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததைக் கண்ட எவரும் இரவுபகலாக ஓடவேண்டிய கணினியை நம்பித் திட்டம் போடத் தயங்குவார்.

"ரொறன்ரோவில் மச்சான் இருக்கிறார். அவர் வீட்டில் வைத்தால் என்ன?"

யாழ்ப்பாணத்து மூளை இப்படித்தான் வேலை செய்யும், எனக்கும் முதலில் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அங்கே மின்சாரம் நிற்காது, இணையத்துக்கு அளவில்லை, டோர் வழியே இங்கிருந்து இணைத்துக்கொள்ளலாம். ஆனால் கேள்வி போகும் இடம் மாறியதே தவிர, கேள்வி போகாமல் இல்லை. மச்சான் பதிவைத் திறந்து பார்த்தால் உங்கள் மீதி அவருக்குத் தெரியும். உண்டியல்காரருக்குத் தெரிந்தால் அது தொழில். மச்சானுக்குத் தெரிந்தால் அடுத்த கலியாண வீட்டில் அது பேச்சு. முன்பின் தெரியாத ஒரு ஜேர்மன்காரரின் சேர்வர் இந்த வகையில் மேல் என்றேன். தம்பி சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

கடைசியில் பக்கக் குறிப்புகளை இறக்கிப் பார்க்கும் வகைப் பணப்பை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். முதல் ஒத்திசைவுக்கு வீட்டு இணைப்பில் இரவு முழுவதும் விட்டுவைத்தார். கூடவே ஒரு பழக்கத்தைக் கைவிடச் சொன்னேன். காசு வந்துவிட்டதா என்று பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் ஏட்டைக் காட்டும் இணையத்தளம் ஒன்றில் தன் முகவரியை ஒட்டித் தேடிக்கொண்டிருந்தார். அதன் படத்தை வாடிக்கையாளருக்கு வைபரில் அனுப்புவதும் உண்டு. பணப்பை எவ்வளவு நாசூக்காகக் கேட்டாலும், நீங்கள் கூவிக் கேட்டால் என்ன பயன்? 2021 செப்டெம்பரில் கொயின்டெஸ்க் வெளியிட்ட கசிந்த ஆவணங்களின்படி, வொலட்எக்ஸ்புளோரர் என்ற அப்படிப்பட்ட ஒரு தளத்தை நடத்தி, வந்து தேடியவர்களின் இணைய முகவரிகளைச் சேகரித்தது செயின்அனலிசிஸ் என்ற கண்காணிப்பு நிறுவனம். எந்த முகவரியை யார் அக்கறையோடு பார்க்கிறார் என்பதே அவர்களுக்கு வேண்டிய தகவல்.

பழைய பணப்பையின் பன்னிரண்டு சொற்களையே புதியதில் இட்டால் போதும்தானே என்று அவர் கேட்டார். போதாது. பழைய முகவரிகளும் இனி அதிலிருந்து பிறக்கப்போகும் அடுத்த இருபதும் முந்திய சேர்வருக்குத் தெரிந்தவை. சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. புதுச் சொற்களோடு புதுப் பணப்பை தொடங்கவேண்டும். பழைய காசு எல்லாவற்றையும் ஒரே கொடுக்கல்வாங்கலாகத் திரட்டிப் புது முகவரிக்கு அனுப்பினால், இரண்டு பணப்பைக்கும் நடுவில் ஏட்டில் அழியாத கோடு ஒன்று விழும். ஒரு கொடுக்கல்வாங்கலில் பல முகவரிகளிலிருந்து காசு சேர்ந்து போனால் அவையெல்லாம் ஒருவருடையவை என்பதுதான் ஏட்டை ஆராய்பவர்களின் முதற்பாடம்.

ஆகவே தம்பி இப்போது இரண்டு பணப்பை வைத்திருக்கிறார். புதிய வாடிக்கையாளர்களுக்குப் புதிய முகவரி. பழையதில் கிடப்பதை, இடையிடையே வெளிநாட்டில் வாங்கும் மென்பொருள் உரிமங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவருகிறார். சென்ற கிழமை சந்தித்தபோது, அதில் இன்னும் இரண்டு மாதச் செலவுக்குக் காணும் என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.